8 பேர் குழுவுக்கு எந்த ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருள் திட்டம் கட்டுப்படியாகும்?

விலைப் பக்கத்தில் பெரிதாகத் தெரியும் தொகை பெரும்பாலும் ஒரு நபருக்கு, ஒரு மாதத்துக்கு, அதுவும் ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டினால்தான். அதனால் ஆள் எண்ணிக்கையால் பெருக்கி, 12 மாதத்துக்குக் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். மாதாமாதம் கட்டினால் இன்னும் கூடும்.

ஆள் கணக்கையும் கவனியுங்கள். மண்டே.காம் இருக்கைகளை, அதாவது பயனர் இடங்களை, தொகுப்பாக விற்கிறது. 8 பேர் இருந்தாலும் 10 இருக்கைக்குக் கட்ட வேண்டியிருக்கும். ஜிராவின் இலவசத் திட்டம் 10 பேர் வரை தாங்கும். உங்கள் அளவுக்கு நான் அதில்தான் தொடங்குவேன். பேஸ்கேம்ப்பில் எத்தனை பேர் சேர்ந்தாலும் ஒரே தொகை என்றொரு திட்டம் உண்டு, ஆனால் அது பெரிய குழுக்களுக்குத்தான் சரிப்படும்.

அப்புறம், வாடிக்கையாளரை விருந்தினராகச் சேர்க்கத் தனிக் கட்டணமா என்றும் பாருங்கள். பட்ஜெட் அங்கேயும் எகிறலாம்.