கடைப் பெயரில் டொமைன்: '&' ஏன் ஏறவில்லை?

கேள்வி: புரசைவாக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். போர்டில் 'முருகன் & சன்ஸ்' என்று இருக்கிறது. அதே பெயரில் டாட் இன் டொமைன் (இணையதள முகவரி) வாங்கப் போனால் '&' ஏறவில்லை; அடிக்கோடு போட்டாலும் ஏறவில்லை. மெயில் முகவரியில் மட்டும் அடிக்கோடு போகிறதே? பேசாமல் தமிழிலேயே வாங்கிவிடலாமா?

பதில்: மெயிலில் அடிக்கோடு வருவது '@'க்கு இடப்பக்கம். அது மெயில் சர்வர் பாடு. வலப்பக்கம் இருப்பதுதான் டொமைன். அங்கே ஆங்கில எழுத்து 26, எண் 10, ஹைஃபன், இவ்வளவுதான் செல்லும். ஹைஃபன் முதலிலோ கடைசியிலோ நிற்கக் கூடாது. மூன்றாம், நான்காம் இடங்களில் சேர்ந்தாற்போல இரண்டு வரவும் கூடாது. புள்ளிக்கு முன்னால் 63 எழுத்து வரை போகலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஒன்றே. விசிட்டிங் கார்டில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக அச்சடித்தால் படிக்க வசதி.

'அண்ட்' என்பதை எழுத்தாகவே சேர்த்துவிடுங்கள். ஹைஃபன் விதிப்படி செல்லும்தான். ஆனால் போனில் சொல்லிப் பாருங்கள்: "நடுவுல ஒரு கோடு சார், கீழ்க்கோடு இல்ல..." கோட்டை விட்டுவிட்டு அடிப்பவர் வேறு யார் கடையிலோ போய் நிற்பார்.

தமிழில் '.இந்தியா' என்றே முடியும் டொமைன் உண்டு. உள்ளே அது 'எக்ஸ், என், இரண்டு ஹைஃபன்' என்று தொடங்கும் ஆங்கிலக் கோவையாக மாறித்தான் பதிவாகிறது. மேலே சொன்ன இரட்டை ஹைஃபன் தடை அதற்காகத்தான். 63 கணக்கும் மாறிய கோவைக்கே. உகரக் குறி, மெய்யெழுத்தின் புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு: 'முருகன்' நமக்கு நாலெழுத்து, கணினிக்கு 7. தமிழ் டொமைனில் மெயில் வைத்தால் பல ஆன்லைன் படிவங்கள் ஏற்பதில்லை. ஆங்கிலத்தில் ஒன்று வாங்கி, தமிழ்ப் பெயரை அதற்குத் திருப்பிவிடுவதே நல்லது.

பணம் கட்டும்முன் இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். முதல் வருட விலை வெறும் தூண்டில். பதிவு உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் இருக்கட்டும். வெப்சைட் செய்து தருபவர் தன் கணக்கில் வாங்கினால், அவரோடு மனக்கசப்பு வரும் நாளில் பெயரும் அவரிடம் மாட்டிக்கொள்ளும். பதிவுக்குக் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் புதுப்பிக்கச் சொல்லும் மெயிலும் வராது. டாட் காம் வாங்கினால், மெயிலுக்கு வரும் சரிபார்ப்பு இணைப்பை 15 நாளுக்குள் அழுத்துங்கள். விட்டால் சைட் நின்றுபோகும்.