சயாம் மரண ரயில்: காஞ்சனபுரிக்குப் போகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

சயாம் மரண ரயில் என்பது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டு சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதை. அந்தப் பாதை இருக்கும் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு இதுவரை நாலு முறை போய் வந்திருக்கிறேன். பள்ளி விடுமுறை நெருங்குவதால் பலரும் விவரம் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை எல்லோருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. மூன்று அருங்காட்சியகம் இருக்கிறதாமே, எதற்குப் போவது?

காலையிலேயே ஹெல்ஃபயர் பாஸ். ரயில் போக மலைப்பாறையை வெட்டித் திறந்த இடம், அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. ஊரிலிருந்து வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர். ஆஸ்திரேலிய அரசு நடத்துகிறது, கட்டணம் இல்லை, ஆடியோ கைடும் இலவசம். மதியம் ஊருக்குத் திரும்பி, இறந்த கைதிகளைப் புதைத்திருக்கும் போர்க் கல்லறைக்கு அடுத்தே இருக்கும் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையத்தைப் பாருங்கள். இதற்கு டிக்கெட் உண்டு. பாதை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எந்த முகாம் எங்கே இருந்தது என்பதெல்லாம் இங்கேதான் தெளிவாகப் புரியும். மூன்றாவதான ஜீத் அருங்காட்சியகம், நேரம் மிஞ்சினால்.

ஹெல்ஃபயர் பாஸில் அப்படி என்ன இருக்கிறது? வெறும் பாறை என்று என் நண்பர் சொன்னார்.

பாறைதான். அதைக் கையால் வெட்டியிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஒருவர் துளைக்கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். குழி ஆழமானதும் வெடிமருந்து வைப்பார்கள். சிதறிய கல்லைக் கூடையில் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். 1943-ல் வேலையை விரைவுபடுத்தச் சொல்லி ஜப்பானியர்கள் நெருக்கியபோது ராத்திரியிலும் வேலை. மூங்கில் தீயும் எண்ணெய் விளக்குகளும் எரிய, எலும்பும் தோலுமான ஆட்களின் நிழல் பாறையில் ஆடியதைப் பார்த்துக் கைதிகளே வைத்த பெயர் அது. நரகத் தீ.

வெட்டுக்குள் நடக்கும்போது சுவரை உற்றுப் பாருங்கள். ஒரு துளைக்கம்பி முறிந்து பாறைக்குள் சிக்கி அப்படியே நிற்கிறது. எண்பது வருடமாகியும் யாரும் பிடுங்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த எதையும்விட எனக்கு மனதில் நின்றது அந்தக் கம்பிதான்.

1983-ல் டாம் மோரிஸ் என்ற முன்னாள் ஆஸ்திரேலியக் கைதி திரும்பி வந்து, இந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று முயற்சி எடுத்தார். 1998-ல் நினைவு அருங்காட்சியகம் திறந்தது.

வயதான அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கட்டடம் வரை தாராளமாக. கீழே வெட்டுக்கு இறங்கப் படிக்கட்டு நிறைய, ஏறி வரவும் வேண்டும். முட்டிவலி இருந்தால் வேண்டாம்.

ஜீத் என்றால் என்ன? யாருடைய பெயர்?

ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மற்றும் அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து. இவற்றின் ஆங்கில முதலெழுத்துகள். 1977-ல் ஒரு புத்த மடத்தின் வளாகத்தில், கைதிகள் படுத்திருந்த மூங்கில் கொட்டகை மாதிரியே கட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துகளில் பர்மியருக்கும் ஜாவாக்காரருக்கும் இடமில்லை. மலாயாவிலிருந்து போன நம் ஆட்களுக்கும் இல்லை. தலைக்கணக்கில் பார்த்தால் பாதையைப் போட்டவர்களில் பெரும்பங்கு இவர்கள்தான்.

அப்படியானால் எத்தனை பேர்? "ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டை) ஓர் உயிர்" என்று தாத்தா சொல்வார்.

பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல், இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர் சுமார் 2 லட்சம், இறந்தவர்கள் 90,000 வரை என்பது பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. கூட்டிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 245 பேர். சிலிப்பர் கட்டைகள் அதைவிடப் பல மடங்கு. தாத்தா சொன்னது துக்கத்தின் கணக்கு, அவரைத் திருத்த வேண்டாம்.

தமிழர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? விரும்பிப் போனார்களா?

முதலில் சிலர் விரும்பித்தான் போனார்கள். போரில் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலை இல்லை, அரிசியும் இல்லை. நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி, சாப்பாடு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்றதும் ஆள் கிடைக்கவில்லை. அப்புறம் பிடித்துப் போனார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையைத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சிலர் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள்.

1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. வெள்ளைக்காரக் கைதிகளிடம் மருந்து இல்லாவிட்டாலும் இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கழிப்பிடத்தை ஆழமாக வெட்டு என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு அதுவும் இல்லை. முகாம் முகாமாகச் செத்தார்கள்.

என் பாட்டனார் மலாயாவின் சுங்கை சிப்புட் பக்கமிருந்து போனவர். அவர் பெயரை அங்கே தேடிக் கண்டுபிடிக்க முடியுமா ஐயா?

முடியாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னியுங்கள்.

1945 செப்டம்பரில், போர் முடிந்த கையோடு, இராணுவக் குழு ஒன்று பாதை நெடுகப் போய்க் கல்லறைகளைத் தேடியது. 144 இடுகாடுகள், 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகள். தேடியதில் கிடைக்காமல் போனவை 52 மட்டுமே. கைதிகள் யாரை எங்கே புதைத்தோம் என்று ஒளித்து வைத்து எழுதிய குறிப்புகள் கைகொடுத்தன. அதனால்தான் காஞ்சனபுரி கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாக இருக்கிறார்கள், பெரும்பாலோர் பெயரோடு. நம்மவர்களை எழுதி வைக்க யாரும் இல்லை, தேடவும் யாரும் போகவில்லை.

ஆனாலும் இரண்டு இடங்களுக்குப் போய் வாருங்கள். ஒன்று, ஊரில் இருக்கும் குவாய் நதி ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பானியப் படையே 1944-ல் எழுப்பிய நினைவுத்தூண். சுற்றிலும் பல மொழிகளில் கல்வெட்டு, அதில் தமிழும் உண்டு. வேலை வாங்கிக் கொன்றவர்கள் வைத்த கல்லில்தான் அந்த ஊரில் முதலில் தமிழைப் பார்த்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். இன்னொன்று, போர்க் கல்லறைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வாட் தாவோர்ன் வராராம், வியட்நாமிய மரபுப் பௌத்தக் கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கம் செய்த இடம். மலேசியத் தமிழர்கள் முயன்று சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு நடுகல்லும் வைத்திருக்கிறார்கள்.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' சினிமாவில் வரும் பாலம் அதுதானா? படத்தை எங்கள் கித்துல்கலவில் எடுத்தார்கள் என்று பெருமையாகச் சொல்வோம்.

படத்தில் இருப்பது உங்கள் இலங்கைப் பாலம், மரப்பாலம். இங்கே இருப்பது இரும்பு, இன்றும் ரயில் ஓடுகிறது. வளைந்த தாங்கிகள் பழையவை, நடுவில் நேராக இருக்கும் இரண்டும் குண்டுவீச்சுக்குப் பின் மாற்றியவை. இன்னொரு வேடிக்கை: ஆற்றின் பெயர் அப்போது மே குலோங். படம் பார்த்துவிட்டு எல்லோரும் குவாய் நதி எங்கே என்று கேட்கப்போய், 1960-களில் பெயரையே குவே யாய் என்று மாற்றிவிட்டார்கள்.

அங்கே சூடம் ஏற்றலாமா?

போர்க் கல்லறையில் வேண்டாம். கோயிலில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடுகல்லின் முன் ஏற்றுங்கள். ஊதுபத்தி எங்கும் கிடைக்கும், சூடத்தை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். ஒரு தீப்பெட்டிக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். போன முறை காற்றில் ஒன்று முழுக்கத் தீர்ந்துபோனது.