பையின் மேல் பூசாதீர்கள், கீழே உள்ள கோட்டில் பூசுங்கள்

கேள்வி: எனக்கு வயது 38, கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். கண்ணுக்குக் கீழே பை மாதிரித் தொங்குகிறது. அம்மாவுக்கும் இப்படித்தான். ஆவணியில் தம்பிக்குக் கலியாணம், மாப்பிள்ளையின் அக்கா என்பதால் எல்லாப் படத்திலும் வீடியோவிலும் நிற்கவேண்டும். மச்சாள் தந்த கன்சீலரைத் தடிப்பாகப் பூசிப் பார்த்தேன், பை இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. வேலையிடத்தில் ஒருவர் வெள்ளையாக்கும் கிரீம் ஒன்று தந்திருக்கிறார், பூசலாமா? படம் எடுக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றத்தான் வேண்டுமா?

பதில்: தங்கச்சி, அந்த வெள்ளையாக்கும் கிரீமைக் கண்ணுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. என்ன கலந்திருக்கிறது என்று ஒழுங்காக எழுதாமல் கைமாறி வரும் இந்த மாதிரிக் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும், சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். பாதரசம் தோலுக்குள்ளால் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால்தான் 2013இல் உலக நாடுகள் செய்த மினமாட்டா உடன்படிக்கையில் இப்படியான கிரீம்களும் தடுக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டீராய்டைக் கண்ணோரத்தில் நாள்கணக்கில் பூசினால் தோல் மெலியும், கண்ணுக்குள் அழுத்தமும் கூடலாம். உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது, அதில் போய் இதைப் பரீட்சிக்க வேண்டாம். இத்தனைக்கும் உங்கள் பையை அது ஒன்றும் செய்யாது, ஏனென்றால் உங்கள் பிரச்சினை நிறம் இல்லை, மேடு.

கன்சீலர் உங்களை ஏமாற்றியதும் இதனால்தான். கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பைப் பிடித்து வைத்திருக்கிற சவ்வு வயது போகப்போகத் தளரும், சில குடும்பங்களில் வேளைக்கே தளர்ந்துவிடும், அப்போது கொழுப்பு முன்னால் தள்ளிக்கொண்டு வரும். அந்த மேட்டுக்குக் கீழே ஒரு பள்ளம் விழும், மேலே இருந்து வருகிற வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தில் நிழல் விழும். மதிலுக்கு வெள்ளை அடித்தால் மதிலின் நிழல் போய்விடுமா? வெளிர் நிறம் எதையும் முன்னுக்குத் தள்ளிக் காட்டும், கடும் நிறம் பின்னுக்கு இழுக்கும். நீங்கள் மேட்டிலேயே வெளிர் கன்சீலரைத் தடிப்பாகப் பூசினால் மேடு இன்னும் மேடாகத்தானே தெரியும்.

கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு பகலில் ஜன்னலடியில் போய் நில்லுங்கள். நாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கண்ணாடியைப் பார்த்தால் பைக்குக் கீழே ஒரு கறுத்த கோடு நன்றாகத் தெரியும். இப்போது முகத்தை நிமிர்த்தி வெளிச்சத்துக்கு நேரே காட்டுங்கள். மறைந்து போவது நிழல். எப்படித் திரும்பினாலும் போகாமல் மூக்கோரத்தில் நிற்கிற மண்ணிறமோ நீலமோதான் கருவளையம். இரண்டும் உங்களுக்கு இருக்கலாம், ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு வேலை.

கருவளையத்துக்கு, எங்கள் நிறத்து ஆக்களுக்கு, செம்மஞ்சள் சாயலுள்ள கரெக்டர் வேண்டும். அது நீலத்தையும் மண்ணிறத்தையும் அடக்கும், பிறகு மேலே பூசுவது குறைந்தாலும் போதும். அதை மூக்கோரத்தில் மட்டும் தொட்டு வையுங்கள், பைக்குக் கொண்டுபோக வேண்டாம். பிறகு முகம் முழுக்க உங்கள் நிறத்துக்குச் சரியான பவுண்டேஷன், பைக்கு மேலேயும் அதுவேதான், மினுமினுப்பு ஒரு பொட்டும் கூடாது. கடைசியில்தான் கன்சீலர்: தோல் நிறத்தைவிட ஒரு படி வெளிர், இரண்டு படி வேண்டாம். ஒரு கண்ணுக்கு ஒரு அரிசி அளவு தாராளம். மெல்லிய தூரிகையால், ஜன்னலடியில் பார்த்தீர்களே, அந்தக் கறுத்த கோட்டில் மட்டும் இழுத்து, மோதிர விரலால் தட்டித்தட்டிக் கீழ்ப்பக்கமாகக் கலையுங்கள். மேல்பக்கமாகத் தேய்த்தால் அது மேட்டில் ஏறிவிடும், பழைய கதைதான். பவுடரும் அந்தக் கோட்டில்தான், கண்ணை உயர்த்தி மேலே பார்த்தபடி, சுருக்கத்தில் தேங்கிய கன்சீலரை விரலால் ஒற்றிவிட்டுப் பிறகு போடுங்கள். வெள்ளைப் பவுடரை அள்ளிப் போட்டால் ஃபிளாஷில் கண்ணடி திட்டுத்திட்டாக வெளிறும், கலியாண ஆல்பங்களில் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறோம். மண்டபத்தில் வியர்த்தால் டிஷ்யுவால் ஒற்றுங்கள், வியர்வைக்கு மேல் பவுடர் போட வேண்டாம். கண்மையைக் கீழிமையில் போடாமல் மேலிமையில் மட்டும் போடுங்கள், பார்க்கிறவரின் கண் மேலேயே நிற்கும்.

பியூட்டிபார்லரில்தான் வெளிக்கிடப் போகிறீர்கள் என்றால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள்: பைக்கு மேலே வெள்ளை வேண்டாம், கீழே கோட்டுக்கு மட்டும். கலியாணத்துக்கு முதலே ஒருநாள் போட்டுப் பார்த்து, நாலைந்து மணித்தியாலம் அப்படியே இருந்து, வெளியில் நின்று படம் எடுத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் எந்த மேக்கப்பும் கைவிடும், அதனால் பண்ணையடியிலோ கோட்டையடியிலோ குடும்பப் படம் எடுக்கிற யோசனை இருந்தால் காலையில் அல்லது வெயில் சாய்ந்த பிறகு என்று தம்பியிடம் சொல்லிவையுங்கள். மண்டபத்துக்குள் முன்னாலிருந்து அடிக்கிற வீடியோ லைட் உங்களுக்கு நல்லது, அது நிழலை நிரப்பிவிடும்.

காலையில் பை கூடுதலாகவும் மத்தியானம் குறைவாகவும் இருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் கொழுப்போடு நீரும் சேர்ந்திருக்கிறது, அதைக் குறைக்கலாம். கலியாண வீட்டில் முதல்நாள் ராச்சாப்பாட்டில் அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள், உப்பு நீரைப் பிடித்து வைக்கும். பலகார வேலை, சொந்தக்காரர் வந்த கதை என்று விடிய விடிய முழித்திருக்காமல் கொஞ்சமாவது நித்திரை கொள்ளுங்கள், தலைக்கு இரண்டு தலையணை வையுங்கள். முகூர்த்தம் வேளைக்கு என்றால் வழமையைவிட ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பி, குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் கண்ணில் வைத்திருந்துவிட்டு மேக்கப்பைத் தொடங்குங்கள்.

அம்மாவிடமிருந்து வந்தது என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வீக்கம் திடீரென்று வந்தது, ஒரு கண்ணில் மட்டும் இருக்கிறது, சிவந்து நோகிறது, கண்முழி முன்னுக்குத் தள்ளுகிறது, அல்லது கால் வீங்கிச் சிறுநீர் நுரைக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் கன்சீலரை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். தைரொயிட்டாலும் சிறுநீரகத்தாலும்கூடக் கண்ணடி வீங்கும்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றவே வேண்டாம். தூரத்தில் இருப்பதைப் பார்க்கப் போடுகிற மைனஸ் கண்ணாடி என்றால் கண்ணடியையும் சேர்த்துச் சிறிதாக்கிக் காட்டும், வாசிக்கப் போடுகிற பிளஸ் கண்ணாடிதான் பெரிதாக்கும், அதை மட்டும் கழற்றலாம். கீழ் விளிம்பு கொஞ்சம் தடித்த ஃபிரேம் என்றால் அந்த விளிம்பு சரியாக உங்கள் கறுத்த கோட்டுக்கு மேலே வந்து நிற்கும். ஆவணிக்கு முதல் ஃபிரேம் மாற்றுகிற எண்ணம் இருந்தால் கடையில் அதைப் போட்டுப் பார்த்தே எடுங்கள்.