சில்கிக் கோழிக்கு இன்குபேட்டர் எதற்கு?

கேள்வி: என்னிடம் ஒரு சில்கிச் சேவலும் 5 பெட்டைகளும் உள்ளன. அனைத்தையும் ஒரே வியாபாரியிடம் ஒரு மாதக் குஞ்சுகளாக, 'ஜோடி' என்று சொல்லி வாங்கினேன். சென்ற முறை அடைக்கு உட்கார்ந்த பெட்டைக்கு 11 முட்டைகள் வைத்ததில் 2 மட்டுமே பொரிந்தன. மீதியை உடைத்துப் பார்த்தபோது 6 முட்டைகளில் கருவே இல்லை; 3 முட்டைகளில் குஞ்சு பாதி வளர்ந்து செத்திருந்தது. பொரிந்தவற்றுள் ஒன்றுக்கு இப்போது கழுத்து திருகித் தலை பின்னால் சாய்கிறது. கடையில் கொடுத்த வைட்டமின் டானிக்கையும் ஆன்டிபயாட்டிக்கையும் தண்ணீரில் கலந்து கொடுத்துவருகிறேன். இன்குபேட்டர் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: தீராது. கரு கூடாத முட்டையை எந்தக் கருவியில் வைத்தாலும் அது கூமுட்டைதான். அடைகாப்பதில் சில்கிப் பெட்டையை மிஞ்சும் கோழியைக் காண்பது அரிது. பிற கோழிகளின் முட்டைகளைப் பொரிக்க வைப்பதற்காகவே இந்த இனத்தை வளர்ப்பவர்கள் உண்டு. ஆகவே, பெட்டையைக் குறை சொல்வதற்கு முன் முட்டைகள் ஏன் கரு கூடவில்லை என்று பார்ப்போம்.

சில்கியின் இறகில், மற்றக் கோழிகளுக்கு இருப்பதைப் போல இழைகளை ஒன்றோடொன்று பூட்டும் கொக்கிகள் இல்லை. அதனால்தான் அது பஞ்சாகப் பொசுபொசுவென்று நிற்கிறது. அதே பஞ்சு எச்சத் துவாரத்தைச் சுற்றியும் அடர்ந்திருப்பதால், சேவல் ஏறினாலும் துவாரங்கள் சரியாகச் சேராமல் போகின்றன. இதற்கு மருந்து கத்தரிக்கோல் ஒன்றே. சேவலுக்கும் பெட்டைகளுக்கும் துவாரத்தைச் சுற்றி இரண்டு விரற்கடை அகலத்துக்கு இறகுகளைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். பிடுங்க வேண்டாம்: வெட்டிய இறகு அடுத்த இறகுதிர்ப்பு வரை அப்படியே நிற்கும், பிடுங்கிய இடத்திலோ உடனே முளைக்கத் தொடங்கிவிடும். புதிதாக முளைத்துவரும் குருத்திறகில் இரத்தம் ஓடுவதால் அதைத் தொடக் கூடாது. கோழிகள் அடைந்த பிறகு, மாலையில் ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் வெட்டினால் வேலை எளிதில் முடியும்.

கத்தரிக்கோலைக் கீழே வைப்பதற்கு முன் சேவலின் குடுமியையும் பாருங்கள். கண்ணை மூடுமளவுக்குத் தொங்கும் குடுமி இருந்தால் சேவலுக்குப் பெட்டை இருக்கும் திசையே சரியாகத் தெரியாது. மேலிருந்து வரும் பருந்தும் தெரியாது. கண்ணின் மேல் விழும் பகுதியைத் தயங்காமல் நறுக்குங்கள். அழகு கெடும் என்பார்கள். கண்காட்சிக்கு வைத்திருப்பவர்கள் அப்படிச் சொல்லட்டும், குஞ்சு வேண்டும் என்பவர் அதைக் கேட்க வேண்டியதில்லை. குடுமி பெரிதாக வேண்டும் என்ற ஆசைக்கு இந்த இனம் ஏற்கெனவே விலை கொடுத்துவருகிறது. பல சில்கிகளுக்கு உச்சி மண்டை புடைத்து, குடுமிக்கு அடியில் எலும்பு முழுதாக மூடாமலே இருக்கும். அந்த இடத்தில் வேறொரு கோழி கொத்தினாலே மூளையில் அடிபட்டுக் கழுத்து திருகலாம். பெரிய உடல்வாகு கொண்ட இனங்களோடு சில்கியை ஒரே அடைப்பில் விடக் கூடாது என்பது இதனால்தான்.

குஞ்சின் கழுத்துக்கு அடி மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வைட்டமின் ஈ, பி1 ஆகியவற்றின் குறைவாலும் திருகும். மேரெக்ஸ், வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோய்களாலும் திருகும். வேறு கோழிகளும் சோர்ந்து பச்சையாகக் கழிந்தாலோ, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்தாலோ, டானிக் கொடுத்துக்கொண்டு காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். அத்தகைய அறிகுறி இல்லையென்றால் குஞ்சைத் தனியே வைத்து, அலகைத் தண்ணீரில் நனைத்துக் குடிக்கப் பழக்கி, வைட்டமினை நேரடியாக வாயில் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். தேறுவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். தலையைத் தூக்க முடியாத குஞ்சு பாத்திரத்திலிருந்து எவ்வளவு குடித்தது என்று யாருக்குத் தெரியும்? நீங்கள் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் வைரஸ் நோய்க்கும் உதவாது, சத்துக் குறைவுக்கும் உதவாது. கழுத்தைப் பார்க்காமலே இரண்டு பாட்டில்களைச் சேர்த்து விற்பது வியாபாரம், வைத்தியம் அன்று. குஞ்சு பிழைத்தாலும் அதை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

பாதி வளர்ந்து செத்த 3 குஞ்சுகளின் கதை வேறு. ஒரு பெட்டை அடையில் இருக்கும்போது மற்றவை அதே கூட்டில் வந்து முட்டையிடும். முதல் குஞ்சுகள் 21 நாளில் பொரிந்ததும் தாய் இறங்கிவிட, பிந்தி வந்த முட்டைகள் குளிர்ந்து சாகும். அடைக்கோழியைத் தனி அறையில் வையுங்கள். முட்டைகளில் பென்சிலால் குறியிட்டு, குறியில்லாததை அன்றன்றே எடுத்துவிடுங்கள். ஒரு சில்கிக்கு 8 முட்டைகள் போதும்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இந்த 6 கோழிகளும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளா? ஒரே வியாபாரியிடம் ஒரே நேரத்தில் வாங்கியவை அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் கரு கூடுவதும் குறையும், கூடிய கருவும் முட்டைக்குள்ளேயே சாகலாம். மேலும், கூவும் வரையிலோ முட்டையிடும் வரையிலோ, அதாவது ஐந்தாறு மாதம் வரை, சில்கியில் சேவல் எது பெட்டை எது என்று உறுதியாகச் சொல்வது கடினம். ஒரு மாதக் குஞ்சை 'ஜோடி' என்று விற்றவர் ஊகத்தைத்தான் விற்றிருக்கிறார்.

இறகை வெட்டி ஒரு வாரம் கழித்துச் சேரும் முட்டைகளை மட்டும் அடைக்கு வைத்து, 7-ஆம் நாள் இரவில் டார்ச் ஒளியில் பாருங்கள். சிவந்த நரம்புகள் சிலந்தி வலையாய்ப் படர்ந்திருந்தால் கரு கூடியிருக்கிறது. அப்போதும் பெரும்பாலானவை தெளிவாகவே இருந்தால், இன்குபேட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் வேறு வழி வந்த, கூவத் தொடங்கிவிட்ட ஒரு சேவலை வாங்குங்கள். அதே வியாபாரியிடம் மட்டும் வேண்டாம்.