வாசகர் கேள்வி – பதில்: கூம்புச் சங்கைக் கையில் எடுக்கலாமா?

கேள்வி: மகனைப் பார்க்க ஆஸ்திரேலியா போகிறோம். கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் உள்ள தீவு ஒன்றில் தங்குவோம். அங்கே கூம்புச் சங்கு என்ற விஷக் கடல் நத்தை கொட்டும் என்கிறார்கள். எந்தப் பக்கம் பிடித்தால் பயமில்லை?
– வாசகி, திருச்சி

பதில்: எந்தப் பக்கம் பிடித்தாலும் கொட்டும். அகலமான பின்பக்கத்தைப் பிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள். ஒடுங்கிய முனையிலிருந்து நத்தை நீட்டும் தும்பிக்கை வளைந்து ஓட்டின் பெரும்பகுதியைத் தொட்டுவிடும். அதன் நுனியில் துளையும் கொக்கியும் உள்ள பல் ஒன்று இருக்கும். அதன் வழியாகத்தான் விஷம் பாய்கிறது. ஒரு பல் ஒரு முறைக்குத்தான், ஆனால் உள்ளே அடுத்தடுத்த பற்கள் தயாராக இருக்கும். மெல்லிய கையுறையோ சட்டைப்பையோ காப்பாற்றாது.

கூம்புச் சங்குகளில் மிக ஆபத்தானது கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற இனம். 10 முதல் 15 செ.மீ. நீளம், அந்த அளவுக்கு எதிர்பாராத மெல்லிய ஓடு, வாய் முன்பக்கம் நன்றாக அகன்றிருக்கும். வெளிறிய நிறத்தின் மேல் செம்பழுப்புத் திட்டுகளும் வலைக்கோடுகளும் தெரியும். உயிருள்ள சங்கில் இந்த அழகை ஒரு மேல்தோல் மறைத்திருக்கும். 1935-இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் 27 வயது இளைஞர் ஒருவர் அதைச் சுரண்டத்தான் சங்கை உள்ளங்கையில் வைத்துக் கத்தியை எடுத்தார். சில மணி நேரத்தில் இறந்துபோனார்.

காலி ஓடுதானா என்று விரலோ குச்சியோ விட்டுப் பார்க்காதீர்கள். நத்தை உள்ளே ஆழமாக ஒடுங்கியிருக்கும். சந்தேகம் இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: கொட்டிவிட்டால் முதலில் என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: வலி பெரிதாக இல்லை என்று சும்மா இருந்துவிடக் கூடாது, சிலருக்கு வலியே தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவில் அவசர உதவி எண் 000-ஐ அழையுங்கள். கொட்டிய இடத்தின் மேல் க்ரேப் பேண்டேஜைச் சுளுக்குக்குக் கட்டும் இறுக்கத்தில் சுற்றி, கை அல்லது கால் முழுவதும் கட்டுங்கள். பிறகு பலகை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் படுக்க வையுங்கள். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கக் கூடாது. மருத்துவமனை சேரும் வரை கட்டை அவிழ்க்காதீர்கள்.

உதடு மரத்துப்போதல், இமை தொங்குதல், பார்வை இரண்டாகத் தெரிதல், பேச்சு குழறுதல் ஆகியவை முன்னறிகுறிகள். அடுத்து மூச்சுத் தசைகள் செயலிழக்கும்; உயிர் போவது அதனால்தான். இதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருங்கள். விஷத்தின் வேகம் தணியும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்தால் பிழைக்க வைக்க முடியும்.

கேள்வி: மெதுவாக ஊரும் நத்தை மீனை எப்படிப் பிடிக்கும்?
– மாணவர், கோவை

பதில்: கோனஸ் ஜியோகிராஃபஸ் இரவில், பாறை இடுக்கில் ஒதுங்கிய சிறு மீன்களை வாயை வலைபோல் விரித்து மூடிவிடுகிறது. இந்த நத்தையின் விஷத்தில் மீன்களின் இன்சுலினை ஒத்த இன்சுலின் இருப்பதை 2015-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது மீனின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி நீந்தவிடாமல் செய்கிறது. கொட்டுவது அதற்குப் பிறகு, வாய்க்குள் வைத்து.