மே மாதம் மழை கொட்டினால் செப்டம்பரில் புகை வராதா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். மன்னார்குடியில் இருக்கும் என் அம்மாவைச் செப்டம்பரில் அழைத்துவந்து இரண்டு மாதம் எங்களோடு வைத்துக்கொள்ள ஆசை. அவருக்கு 68 வயது, ஆஸ்துமா உண்டு. இங்கே ஏப்ரலிலும் மே மாதத்திலும் நல்ல மழை. "இவ்வளவு மழைக்கு அப்புறம் இந்த வருஷம் புகைமூட்டம் வராது" என்கிறார் கணவர். அலுவலகத் தோழியோ, "எல் நினோ (பசிபிக் கடல் சூடாவது) வரலாம் என்கிறார்கள், 2015 மாதிரி ஆகிவிடும்" என்கிறார். யார் சொல்வது சரி? டிக்கெட் எடுக்கலாமா?

பதில்: முதலில் டிக்கெட் விஷயத்தை முடித்துவிடுவோம். செப்டம்பர், அக்டோபர் வேண்டாம். பொங்கலுக்கு அழைத்துவாருங்கள். இந்த ஆண்டு புகை வந்தே தீரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வருமா வராதா என்று மே மாதத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆஸ்துமா உள்ள ஒருவரின் இரண்டு மாதப் பயணத்தை ஆண்டிலேயே ஆபத்து கூடுதலான இரண்டு மாதங்களில் வைக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். தை மாதத்தில் தென்சீனக் கடல் பக்கமிருந்து வடகிழக்குப் பருவக்காற்று வீசும். சுமத்ராவில் எங்காவது தீ எரிந்தாலும் புகை பெரும்பாலும் நம் பக்கம் வராது. தேக்காவில் (லிட்டில் இந்தியா) பொங்கல் கடைகளையும் அம்மா பார்த்த மாதிரி இருக்கும்.

இனி உங்கள் வீட்டு விவாதம். கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதிதான் பலரை ஏமாற்றுகிறது.

ஈசூனில் பெய்த மழைக்கும் நம்மூர்ப் புகைக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. புகை கிளம்புவதோ இந்தோனேசியாவில், சுமத்ரா தீவின் ரியாவ், ஜாம்பி, தெற்கு சுமத்ரா, போர்னியோ தீவின் கலிமந்தான் ஆகிய இடங்களில். நாம் பார்க்க வேண்டியது அங்கே பெய்த மழையை. அதிலும் மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட, கடைசி நல்ல மழைக்கு அப்புறம் எத்தனை நாள் போயிற்று என்பதுதான் முக்கியம்.

காட்டுத்தீ ஆபத்தைக் கணிக்கக் கனடாவில் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. அதைத் தென்கிழக்காசியாவுக்கு ஏற்ப மாற்றி மலேசியாவும் இந்தோனேசியாவும் பயன்படுத்துகின்றன. அந்த முறை காட்டுத் தரையை மூன்று அடுக்காகப் பார்க்கிறது. மேலே கிடக்கும் சருகும் புல்லும் ஓரிரு நாள் வெயிலிலேயே காய்ந்துவிடும். அதற்குக் கீழே பாதி மக்கிய இலைப்படுகை காய இரண்டு வாரம் போல ஆகும். அடியிலுள்ள கெட்டியான அடுக்குக்கு 50 நாள்களுக்கு மேல் வேண்டும். மே மாதத்து மழை இந்த மூன்றாவது அடுக்கில்தான் தங்கும். ஜூன் கடைசிவரை அது நம்மைக் காப்பாற்றலாம். செப்டம்பர்வரை காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

அதுவும் அந்த அடுக்கு எந்த மண் என்பதைப் பொறுத்தது. விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. சுமத்ராவின் கிழக்குக் கரையிலும் கலிமந்தானின் தாழ்நிலங்களிலும் பீட் என்று சொல்லும் கரிமண் பரந்து கிடக்கிறது. விழுந்த மரமும் இலையும் வேரும் தண்ணீருக்குள்ளேயே கிடந்து, முழுக்க மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மண் அது. சில இடங்களில் ஆழம் பத்து மீட்டரைத் தாண்டும். மத்திய கலிமந்தானில் அப்படி ஒரு காட்டுக்குள் நடந்திருக்கிறேன். கையிலிருந்த கம்பை ஊன்றினால் அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கால் வைக்கிற இடமெல்லாம் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஊறியது. மனிதன் கை படாத கரிமண்ணில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அதைக் கொளுத்த நினைத்தாலும் பற்றாது.

அதில் கால்வாய் வெட்டினால் கதை மாறிவிடுகிறது. 1990களின் நடுவில் மத்திய கலிமந்தானில் நெல் சாகுபடிக்கென்று சுமார் பத்து லட்சம் ஹெக்டேரில் ஒரு பெரிய அரசுத் திட்டம் தொடங்கியது. 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய்கள் வெட்டப்பட்டன. நெல் விளையவில்லை, தண்ணீர் மட்டும் வடிந்துபோனது. 1997இல் கடும் வறட்சி வந்தபோது அந்த நிலம் எரிந்தது. பின்னால் வந்த வறட்சிகளிலும் திரும்பத் திரும்ப எரிந்தது. சுமத்ராவில் எண்ணெய்ப்பனைக்கும் காகிதக்கூழ் மரத்துக்கும் வடிகால் வெட்டிய நிலங்களிலும் இதே நிலைதான்.

உங்கள் வீட்டு நடைபாதையில் தொட்டிச் செடி வைத்திருந்தால் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். தொட்டி மண் ஒருமுறை மொரமொரவென்று காய்ந்துவிட்டால், அப்புறம் ஊற்றும் தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓரமாக வழிந்து அடித்தட்டில் போய் நிற்கும். கரிமண்ணும் அப்படித்தான். அளவுக்கு மீறிக் காய்ந்தால் பழையபடி தண்ணீரைப் பிடித்துவைக்காது. இந்தோனேசியச் சட்டமே இத்தகைய நிலங்களில் நிலத்தடி நீர் மேல்மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்கிறது. 2015 தீக்குப் பிறகு, 2016இல், கால்வாய்களுக்கு அணை போட்டு நிலத்தை மறுபடி நனைக்க அங்கே தனி அமைப்பே தொடங்கினார்கள். என்னைக் கேட்டால், புகையைக் குறைக்க நடந்த வேலைகளில் ஆக நல்லது இதுதான்.

தீ எப்படி எரிகிறது என்பதை அம்மாவிடமே கேளுங்கள், உங்களைவிட நன்றாகச் சொல்வார். ரைஸ்மில் பின்னால் உமிக் குவியலில் நெருப்பு பிடித்தால் என்ன ஆகும்? மேலே ஒன்றும் தெரியாது. உள்ளே நீறு பூத்த நெருப்பாகக் கனன்றுகொண்டே இருக்கும். சுடர் இல்லாமல் புகை மட்டும் வரும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அணைந்த மாதிரி இருந்து மறுநாள் வேறு பக்கம் புகையும். கரிமண் தீயும் இதே மாதிரிதான், பரப்பு மட்டும் பல ஆயிரம் மடங்கு. ஒரு சாயங்கால மழைக்கு அது அசையாது. நிலமே ஊறும்படி வாரக்கணக்கில் பெய்யும் பருவமழைதான் அதை அணைக்கும். 2015இல் அக்டோபர் கடைசியில் மழை பிடித்த பிறகுதான் நமக்கு விடிவு பிறந்தது. அதற்குள் இந்தோனேசியாவில் எரிந்த பரப்பு சுமார் 26 லட்சம் ஹெக்டேர், அதாவது சிங்கப்பூரைப் போல 35 மடங்கு.

இப்போது கணவரிடம் 2013ஐ நினைவுபடுத்துங்கள். அந்த ஆண்டு எல் நினோ இல்லை. பெரிய வறட்சி ஆண்டு என்றும் சொல்ல முடியாது. ரியாவில் இரண்டு மாதம் போல மழை குறைந்தது. வடிகால் வெட்டிய கரிமண் அதற்குள் காய்ந்துவிட்டது. ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் இங்கே மூன்று மணி நேர பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 401ஐத் தொட்டது. அதுவரை சிங்கப்பூர் காணாத அளவு அது. காற்றும் நேராக இந்தப் பக்கம் வீசியதால் தீ எரிந்த சில நாள்களிலேயே நாம் மாட்டிக்கொண்டோம். மழை அதிகமான ஆண்டிலும் எட்டு வாரம் காய்ந்தால் போதும்.

தோழி சொல்வதிலும் உண்மை உண்டு. எல் நினோ வந்தால் பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் சூடாகி, மழை மேகங்கள் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும், இந்தோனேசியா காயும். ஆனால் நம் பக்கத்தில் இன்னொரு கடல் இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகி, சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிர்ந்தால், சுமத்ராவுக்கு மேல் மேகம் கூடாது. இதை இந்தியப் பெருங்கடல் இருமுனையின் நேர்மறைக் கட்டம் என்பார்கள். 1997இலும் 2015இலும் இரண்டும் சேர்ந்து வந்தன. 2019இல் எல் நினோ பலமாக இல்லை, இந்தியப் பெருங்கடல் ஒன்றே கைவரிசையைக் காட்டியது. செப்டம்பரில் நம் காற்று ஆரோக்கியமற்ற நிலைக்குப் போனது. ஆகவே "எல் நினோ வருகிறதா?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள்.

எல் நினோ வந்தால் 2015 திரும்பும் என்பதும் சரியில்லை. சிங்கப்பூர் அனைத்துலக விவகாரக் கழகம் 2019 முதல் ஆண்டுதோறும் புகைமூட்ட முன்கணிப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற நிறங்களில் வெளியிடுகிறது. 2023இல் முதன்முறையாகச் சிவப்பு கொடுத்தார்கள். எல் நினோவும் வந்தது, இருமுனையும் நேர்மறையானது, இந்தோனேசியாவில் தீயும் கூடியது. ஆனால் நமக்கு அக்டோபர் தொடக்கத்தில் சில நாள்கள் மட்டுமே காற்று கெட்டது. காற்றின் திசை, தீயணைப்பு வேலை, நனைத்துவைத்த நிலங்கள் எல்லாம் சேர்ந்து முடிவை மாற்றுகின்றன. சிவப்பு என்றால் "தயாராக இருங்கள்" என்றுதான் அர்த்தம்.

மழை அதிகம் பெய்தால் தீ குறையும் என்பது எல்லாக் காட்டுக்கும் பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் முதுமலையை எடுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காடு. மழைக்காலத்தில் புல்லும் உண்ணிச்செடியும் ஆளுயரம் வளரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அவை எல்லாம் காய்ந்து விறகாக நிற்கும். அங்கே நல்ல மழை என்பது அடுத்த கோடைக்கு எரிபொருள் சேர்ப்பது. அதனால்தான் வனத்துறையினர் கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல்லை அகற்றிய வெற்றுப் பட்டை) போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வறட்சி அங்கே எப்போதும் உண்டு, எரிய ஏதாவது வளர்வதற்குத்தான் மழை ஆண்டு தேவை. நம்மைச் சுற்றியுள்ள மழைக்காடுகளில் நேர் எதிர். எரிய வேண்டியது எப்போதும் குவிந்து கிடக்கிறது, வறட்சிதான் குறைவு. அடர்ந்த மரக்கூரை உள்ளே ஈரத்தைப் பூட்டிவைக்கிறது. மரம் வெட்டிக் கூரையில் ஓட்டை விழுந்தால் வெயில் தரையைத் தொடும், அப்போது காடு காயும். 1982-83 வறட்சியில் கிழக்குக் கலிமந்தானில் மரம் வெட்டிய காடுகள்தான் அதிகம் நாசமாயின. வெட்டாத காடு பெருமளவு தாக்குப்பிடித்தது.

உங்கள் வீட்டுக்கு அருகிலேயே நீ சூன் சதுப்புக்காடு இருக்கிறது, சிங்கப்பூரில் மிஞ்சியிருக்கும் ஒரே நன்னீர்ச் சதுப்புக்காடு. மெக்ரிட்சி, புக்கிட் தீமா காடுகளைப் போல அதுவும் உள்ளே எப்போதும் ஈரமாக இருப்பதால் எளிதில் பற்றாது. இங்கே பற்றுவது திறந்தவெளி லாலாங் புல். 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் மழையே இல்லாமல் போனபோது புல்வெளிகளெல்லாம் பழுப்பாகிவிட்டன. அப்படிப்பட்ட நாள்களில் வீசியெறியும் ஒரு சிகரெட் துண்டு போதும். புல் எரிவதைப் பார்த்தால் 995க்குக் கூப்பிடுங்கள்.

சரி, நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்? மார்ச் முதல் மே வரை வரும் எல் நினோ கணிப்புகள் அடிக்கடி தடுமாறும் என்பது வானிலையாளர்களுக்கே தெரியும். ஜூன் பிறந்த பிறகு வருவதை நம்பலாம். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தில் இயங்கும் ஆசியான் சிறப்பு வானிலை ஆய்வு மையம் வட்டாரத்துக்கான முன்கணிப்பையும் தீப்புள்ளிகளின் (செயற்கைக்கோள் கண்டுபிடிக்கும் சூடான இடங்களின்) எண்ணிக்கையையும் தருகிறது. அதில் "வழக்கத்தைவிடக் குறைந்த மழைக்கு வாய்ப்பு" என்று இருந்தால், மழை பெய்யாது என்று படிக்காதீர்கள். குறைவு, வழக்கம், கூடுதல் என்ற மூன்று வாய்ப்புகளில் அந்தப் பக்கம் சற்றுக் கனம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். தீப்புள்ளி குறைவாக இருந்தாலும் அன்று மேகமூட்டமா என்று பாருங்கள். மேகத்துக்குக் கீழே எரிவது செயற்கைக்கோளின் கண்ணில் படாது.

பொங்கல் சரிப்படாமல் அம்மா செப்டம்பரில்தான் வர முடியும் என்றால், தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள். புறப்படுவதற்கு முன் அங்கே மருத்துவரைப் பார்த்து, மூச்சு முட்டினால் எந்த இன்ஹேலர், எத்தனை முறை, எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள். மருந்து இரண்டு மாதத்துக்கும் கூடுதலாக இருக்கட்டும். இங்கே வந்தபின், காலையில் அவர் கீழே நடக்கப் போகலாமா என்று முடிவெடுக்க ஒரு மணி நேர பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவைப் பாருங்கள். 55 வரை வழக்கமான நிலை, அதற்கு மேல் போனால் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும். 24 மணி நேர பிஎஸ்ஐ மறுநாளுக்குத் திட்டம் போட உதவும், அந்த நிமிடத்துக் காற்றைச் சொல்லாது. இரண்டும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் கிடைக்கும்.

வீடு முழுவதையும் சுத்தமாக வைக்க முயல வேண்டாம். அம்மா தூங்கும் அறை ஒன்று போதும். ஹெப்பா (நுண்துகளைப் பிடிக்கும்) வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குங்கள். ஒரு மணி நேரத்தில் அது தரும் சுத்தமான காற்று, அறையின் கன அளவைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். மூன்றுக்கு நான்கு மீட்டர் அறையென்றால் மணிக்கு 100 கன மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். ஓசோன் வெளியிடும் வகை வேண்டவே வேண்டாம், ஆஸ்துமாவுக்கு அது கெடுதல். சன்னலைச் சாத்தியிருக்கும் நாள்களில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் ஏற்றாமல், மிளகாய் தாளிப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

எது வாங்குவதானாலும் ஜூலைக்குள் வாங்கிவிடுங்கள். 2013 ஜூனில் புகை சூழ்ந்த சில நாள்களிலேயே என்95 முகக்கவசம் கடைகளில் தீர்ந்துபோனது.