சிறைக்கு வரும் எல்லோருக்கும் கட்டாய எச்.ஐ.வி. பரிசோதனை செய்தால் என்ன?

கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 1993-லேயே சிறைகளில் கட்டாயப் பரிசோதனை அறமற்றது, பயனற்றது என்று சொல்லிவிட்டது.

பயனற்றது ஏன்? தொற்றிய உடனே பரிசோதனையில் தெரியாது. விரல்நுனி ரத்தத்தில் எதிர்ப்பொருளை (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதத்தை) தேடும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாள் வரைகூட ஆகலாம். அதற்குள் நுழைவாயிலில் 'நெகட்டிவ்' வந்தால், அது பொய்யான நிம்மதி. 'பாசிட்டிவ்' வந்தவரைத் தனி அறையில் அடைத்தால் அடுத்தவர் உண்மையைச் சொல்லவே மாட்டார்.

சரியான வழி, எல்லோரிடமும் கேட்பது, யாரையும் வற்புறுத்தாதது. வேண்டாம் என்றால் சலுகை எதுவும் பறிபோகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வந்த முதல் நாள் பதற்றத்தில் 'வேண்டாம்' என்பவர் இரண்டு வாரம் கழித்துச் சம்மதிக்கலாம், மறுபடி கேளுங்கள்.

விரைவுப் பரிசோதனைப் பட்டையில் கட்டுப்பாட்டுக் கோடு, அதாவது சோதனை சரியாக வேலை செய்ததைக் காட்டும் கோடு, விழவில்லையென்றால் அந்தச் சோதனையே செல்லாது. குறித்த நேரம் தாண்டிப் படித்தாலும் தவறும். ஒரே ஒரு பரிசோதனையை நம்பி யாருக்கும் எச்.ஐ.வி. என்று முடிவு கட்டக்கூடாது: 2019 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, அடுத்தடுத்து மூன்று வெவ்வேறு பரிசோதனைகளிலும் பாசிட்டிவ் வரவேண்டும் என்பது.

நடைமுறையில் சொதப்புவது ரகசியம்தான். காவலர் பக்கத்தில் நிற்க முடிவைச் சொல்வது, பதிவேட்டில் சிவப்பு மையால் குறிப்பது, மாத்திரைக்கென்று தனி வரிசை போடுவது. வரிசையைப் பார்த்தாலே மொத்தப் பிளாக்குக்கும் தெரிந்துவிடும்.

பாசிட்டிவ் வந்தவருக்கு மருந்தை உடனே, முடிந்தால் அன்றே, தொடங்க வேண்டும். விடுதலையாகும்போது கையில் மாத்திரையும் வெளியிலுள்ள சிகிச்சை மையத்துக்கான கடிதமும் இருக்க வேண்டும்.